மரை போன பிளக் துளை

ஜூன் 7

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் இறுகவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போகிறது, கடைசிக் கால் சுற்றில் கைக்குத் தெரியவேண்டிய பிடிப்பு வரவே இல்லை. கழற்றிப் பார்த்தால் பிளக்கின் மரைக்குள் மெல்லிய அலுமினியக் கம்பி சுருண்டு கிடக்கிறது, அது ஹெட்டின், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியின், மரை, அப்படியே உரிந்து வந்திருக்கிறது. கொஞ்ச நாளாகக் கேட்ட 'சுஸ் சுஸ்' சத்தத்துக்கும் இதுதான் காரணம், பிளக் ஓரமாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கசிந்திருக்கிறது. பழைய இஞ்சினில் சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றுவதும், கோணலாக நுழைந்த பிளக்கை ஸ்பேனர் போட்டு உள்ளே தள்ளுவதும் வருஷக்கணக்கில் நடந்திருக்கும். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடக்கும் இழுபறியில் அலுமினியம்தான் போகும்.

ஜூன் 8

பிசின் பூசி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது நிற்காது. பழைய துளையில் அதே அளவு டேப், அதாவது மரை வெட்டும் கருவி, விட்டும் பயனில்லை, வெட்டுவதற்கு அங்கே உலோகமே இல்லை.

மீதி இரண்டு வழி. ஹெலிகாயில், அதாவது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள், இல்லையென்றால் முழு இரும்பு புஷ், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள குழாய்த் துண்டு. கவர் போல்ட், சைலன்ஸர் ஸ்டட் போன்றவற்றுக்கு நான் யோசிக்காமல் ஹெலிகாயில்தான் போடுவேன், அது மூல மரையை விடவே உறுதியாக நிற்கும். ஆனால் பிளக் அடிக்கடி கழற்றப்படும், அதோடு சேர்ந்து சுருளும் வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. அதனால் இங்கே புஷ்.

பிளக்கின் அளவு 14 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ., மரை நீளம் 19 மி.மீ. நீளத்தில் கவனம் வேண்டும். புஷ் எரி அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விளிம்பு பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். குட்டையாக இருந்தால் வெளியே தெரியும் மரையில் கரி ஏறி அடுத்த முறை பிளக் கழலாது.

ஜூன் 14

ஹெட்டை இறக்கியாயிற்று. ஹெட் இஞ்சின் மேலேயே இருக்க கிரீஸ் தடவிய டேப்பால் வெட்டலாம்தான், பலரும் செய்கிறார்கள். ஒரே ஒரு துகள் உள்ளே தங்கினாலும் சிலிண்டர் சுவர் கீறும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

புஷ்ஷின் வெளி மரைக்கான பெரிய டேப் நேராக நுழைகிறதா என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. முதல் சில சுற்றுக்கு மூலைமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்து, அப்புறம் அதற்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். சாய்ந்து போனால் பிளக்கின் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். மண்ணெண்ணெய் ஊற்றி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது துகள் உடையும் 'நறுக்' கையில் தெரியும். அது தெரியாவிட்டால் டேப்பை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், அலுமினியம் பல்லில் ஒட்டிக்கொண்டு புது மரையையும் கிழித்துவிடும்.

ஜூன் 15

துளையை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவி, காற்றடித்து, புஷ்ஷின் வெளி மரையில் சூடு தாங்கும் லாக்கிங் திரவம் தடவி, புஷ்ஷைத் திருகும் கருவியால் இறக்கினேன். மேல் விளிம்பு உட்கார்ந்ததும் கருவி இறுகும், அதற்குமேல் திருப்பினால் புஷ்ஷின் அடி மரை விரிந்து ஹெட்டைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கடைசிச் சுற்றுகளுக்கு நல்ல பலம் வேண்டும், கருவிக்கு எண்ணெயும் வேண்டும். புது பிளக்கை விரலால் விட்டுப் பார்த்தேன், வாஷர் சுற்றிலும் ஒரே சீராக அமர்கிறது, கீழ்ப்பக்கம் புஷ்ஷும் எரி அறையும் ஒரே மட்டம்.

ஜூன் 21

புது கேஸ்கெட்டோடு ஹெட்டை ஏற்றியாயிற்று. பிளக்கை அடிவரை கையால் மட்டுமே திருகி, அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர். மரை உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து அதே அளவுக்கு மரை இன்னும் அதிகமாக இழுபடும், உரிவது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய சமம். ஓட்டிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு பிளக்கைச் சுற்றிப் பார்த்தேன், கரி வளையம் எதுவும் இல்லை. இரண்டாவது சிலிண்டரில் மட்டும் மேல் மரை லேசாக நசுங்கியிருந்தது, ஹெட் கையில் இருந்தபோதே மரை சுத்தம் செய்யும் கருவியை உள்ளிருந்து வெளியே திருப்பி அதையும் சரிசெய்துவிட்டேன்.