கேம்ப் காசு: 2020 சம்மர் டைரி, நியூஜெர்சி

மார்ச் 19, வியாழன்

கொரோனானால நேத்துல இருந்து நியூஜெர்சி முழுக்க ஸ்கூல் மூடியாச்சு. ரெண்டு வாரம்னு பேச்சு, யாரும் நம்பல. பெரியவ டைனிங் டேபிள்ல, சின்னவன் என் மடியில, நான் ஆபீஸ் கால்ல மியூட்ல. ஆனா எனக்கு இன்னிக்கு மண்டைக்குள்ள ஓடுறது ஸ்கூல் இல்ல, சம்மர். இங்க ஜூன் மூணாவது வாரம் மூடினா செப்டம்பர்லதான் திறப்பாங்க, அந்த ரெண்டரை மாசம் பிள்ளைங்கள எங்க விடுறதுன்றதுதான் வேலைக்குப் போற ஒவ்வொரு அம்மாவுக்கும் கவலை. அதனாலதான் கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்து வைக்கிறதுக்குள்ள அடுத்த சம்மர் கேம்ப் புக் பண்ணிடுவோம், எர்லி பேர்டுன்னு கொஞ்சம் குறையும், நல்ல கேம்ப்ல இடமும் கிடைக்கும்.

இந்த வருஷம் பத்து வயசுக்காரிக்கு முதல் தடவையா ஸ்லீப்அவே கேம்ப், ராத்திரியும் அங்கயே தங்கறது. நியூயார்க் பக்கம் கேட்ஸ்கில்ஸ் மலையில ரெண்டு வாரம், 2900 டாலர். ஆறு வயசுக்காரனுக்கு பக்கத்து டவுன்ல டே கேம்ப், வாரத்துக்கு 425, ஆறு வாரம். மொத்தம் 5450. மிச்ச வாரத்துக்கெல்லாம் அம்மா ஜூன்ல திருச்சியில இருந்து வர்றதா ஏற்பாடு. இப்ப 22ஆம் தேதியில இருந்து இந்தியா வெளிநாட்டு ஃப்ளைட்டையே நிறுத்துதாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்னிக்கு உக்காந்து ரெண்டு கேம்ப் அக்ரிமென்ட்டையும் வரிவரியா படிச்சேன். டிசம்பர்ல கையெழுத்து போடுறப்ப யார் படிச்சா.

ஸ்லீப்அவேல 500 டெபாசிட் எந்தக் காலத்துலயும் திரும்ப வராது. ஏப்ரல் 15க்குள்ள நாம விலகினா மீதி வரும், அதுக்கப்புறம் ஒரு பைசா கிடையாது. டே கேம்ப்ல வாரத்துக்கு 100 டெபாசிட், அது போனது போனதுதான். ஜூன் 1க்கு முன்னாடி விலகினா அதோட விட்டுடுவாங்க, அதுக்கப்புறம்னா மொத்தத்துல பாதி போயிடும். வீட்டை நினைச்சு அழுது திரும்பி வந்தா ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒரு தனி பத்தியே இருக்கு. கேம்ப்பே நடக்கலன்னா என்னன்னுதான் ரெண்டுலயும் ஒரு வரி இல்ல.

இவர் கேட்டார், "அப்ப 15க்குள்ள விலகிடலாமா, 2400 வந்துடும்ல?" வரும். ஆனா பொறுத்திருந்து அவங்களே கேன்சல் பண்ணினா முழுசா கேக்கலாமே. அவங்களும் இதே கணக்குத்தானே போடுவாங்க, நாம பயந்துபோய் நாமளா விலகினா அவங்களுக்கு லாபம். யாரு முதல்ல வாயத் திறக்கறாங்களோ அவங்களுக்கு நஷ்டம். நான் திறக்கப்போறதில்ல.

அம்மா டிக்கெட் தனிக்கதை. அமெரிக்கா போக்குவரத்துத் துறை மூணாம் தேதி ஏர்லைன்ஸுக்கெல்லாம் நோட்டீஸ் விட்டிருக்கு, ஃப்ளைட்ட நீங்க கேன்சல் பண்ணினா காசாத்தான் திருப்பிக் குடுக்கணும், வவுச்சர் குடுத்து கைகழுவக் கூடாதுன்னு. தம்பி டிக்கெட் எடுத்தது திருச்சியில ஒரு ஏஜென்ட்கிட்ட. அந்த ஆள் ஃபோனே எடுக்கல.

ஏப்ரல் 25, சனி

ஸ்லீப்அவே கேம்ப் டைரக்டர் பெத்தவங்க எல்லாரையும் ஜூம்ல கூப்பிட்டிருந்தார். ரீஃபண்ட் பத்திக் கேட்டுடணும்னு எழுதி வெச்சுட்டுத்தான் உக்காந்தேன், எனக்கு முன்னாடி ஒரு அப்பா கேட்டுட்டார். டைரக்டர் மறைக்காம சொன்னார். டிசம்பர் ஜனவரில நாம கட்டுற பணத்துலதான் அவங்களுக்கு குளிர்காலமே ஓடுதாம். கேபின் கூரை, ஏரிக்கரை மேடை ரிப்பேர், சொத்து வரி, இன்சூரன்ஸ், வருஷம் முழுக்க இருக்கற நாலஞ்சு பேர் சம்பளம். கேம்ப் நடக்கறது எட்டு வாரம், செலவு பன்னெண்டு மாசம். அதனால பணம் எல்லாம் பத்திரமா பேங்க்ல தூங்குதுன்னு நினைக்காதீங்கன்னுட்டார்.

இன்சூரன்ஸ் குடுக்காதான்னு இன்னொருத்தர் கேட்டார். வியாபாரம் நின்னா ஈடு குடுக்கற பாலிசி இருக்கு, ஆனா அதுல வைரஸ்னால நின்னா கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்காம். இங்க நிறைய பாலிசில அப்படித்தானாம். சின்னக் கம்பெனிங்க சம்பளம் குடுக்கறதுக்காக அரசாங்கம் தர்ற பிபிபி லோனுக்கு போட்டிருக்காங்க, முதல் 349 பில்லியன் 16ஆம் தேதியே காலியாயிடுச்சு, இப்ப நேத்து இன்னொரு 310 பில்லியன் கையெழுத்தாகியிருக்கு, கிடைக்கும்னு பாக்கறாங்க.

கடைசில சொன்னதுதான் முக்கியம். "ஸ்டேட் என்ன சொல்றாங்கன்னு காத்துட்டு இருக்கோம்." அட, நானும் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன் சார்.

வாட்ஸப் குரூப்புல ஒருத்தி கிரெடிட் கார்டுல சார்ஜ்பேக், அதாவது கட்டின காச திருப்பி வாங்கித் தரச் சொல்லி பேங்க்ல புகார் போடலாம்னு கிளப்பி விட்டா. பேங்க்ல வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க உடனே அடக்கினாங்க, "கேம்ப் ஜூலைலடி, இன்னும் அவங்க நடத்த மாட்டேன்னு சொல்லல, வர வேண்டிய நாளே ஆகாத சரக்கு வரலன்னு நீ எப்படி சண்டை போடுவ?"

மே 4, திங்கள்

கவர்னர் மர்ஃபி இன்னிக்கு சொல்லிட்டார், இந்த கல்வி வருஷம் முடியற வரைக்கும் ஸ்கூல் கிடையாது. சம்மர் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

மே 14, வியாழன்

எஃப்எஸ்ஏ விஷயம், நம்ம ஆளுங்களுக்கு உதவும்னு எழுதறேன். பிள்ளைங்கள பாத்துக்கற செலவுக்குன்னு சம்பளத்துல வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கற கணக்கு, இந்த 2020ல ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5000 டாலர் வரைக்கும். செலவழிக்கலன்னா போச்சு, திரும்ப வராது. டே கேம்ப்புக்கு இதுல கிளெய்ம் பண்ணலாம், ராத்திரி தங்கற கேம்ப்புக்கு முடியாது. அதுவும் கேம்ப் நடந்து முடிஞ்சப்புறம்தான், டெபாசிட் கட்டின ரசீத காட்டினா குடுக்க மாட்டாங்க. நான் போன நவம்பர்ல முழு 5000த்துக்கும் டிக் பண்ணிட்டேன், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 192 பிடிக்கறாங்க. ஸ்கூல் விட்டப்புறம் பிள்ளைங்கள பாத்துக்கற ஆஃப்டர்கேர் மார்ச்லயே மூடியாச்சு, கேம்ப் தொங்குது, அப்ப இந்தப் பணத்தை எதுக்கு செலவழிக்க?

முந்தாநாள் வரித்துறை ஐஆர்எஸ் ஒரு நோட்டீஸ் விட்டிருக்கு, இந்த வருஷம் நடுவுலயே தொகையை மாத்திக்க கம்பெனி அனுமதிக்கலாம்னு. "கலாம்"தான், கட்டாயம் இல்ல, உங்க எச்ஆர் சரின்னு சொல்லணும். எங்க எச்ஆருக்கு மெயில் போட்டேன், யோசிக்கறோம்னு பதில். இதுவரைக்கும் பிடிச்சது 1900 சொச்சம், ஜனவரில இருந்து ஸ்கூல் மூடற வரைக்கும் ஆன ஆஃப்டர்கேர் பில்லுக்கு சரியாப் போயிடும். இனிமே பிடிக்காம இருந்தா போதும்.

மே 31, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மர்ஃபி வாயத் திறந்தார். ஜூலை 6ல இருந்து டே கேம்ப் நடத்தலாம், ராத்திரி தங்கற கேம்ப் நியூஜெர்சில கிடையாது.

ஊரெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கும், எனக்கு வயித்தைக் கலக்குச்சு. டே கேம்ப் நடக்கும்னா இனி அவங்களா கேன்சல் பண்ண மாட்டாங்க. அப்ப நாங்க அனுப்பலன்னா, விலகினது நாங்க. அதுவும் நாளைக்கு ஜூன் 1. மெயிலும் டாண்ணு வந்துச்சு. பத்து பத்து பிள்ளைங்களா பிரிப்போம், காலையில டெம்பரேச்சர் பாப்போம், வெளிய கூட்டிட்டுப் போக மாட்டோம், பஸ் கிடையாது, நீங்களே கொண்டுவந்து விடணும். ஃபீஸ் மட்டும் அதே 425. பாதிய குறைச்சுட்டு முழுக்காசு கேக்கறாங்களேன்னு இவருக்கு கோபம். எனக்கு கோபம் அதுல இல்ல. ஆள் குறைவா இருந்தா அவங்களுக்கு செலவு ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். கவர்னர் சொல்லி ரெண்டு நாள் கூட ஆகல, அந்த ஜூன் 1 தேதிய ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கலாம்ல? கேட்டேன். எல்லாருக்கும் ஒரே விதிதான்னு பதில்.

சின்னவனுக்கு வீசிங் உண்டு, போன வருஷம் ரெண்டு தரம் நெபுலைசர் வரைக்கும் போச்சு. அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு. ராத்திரி மெயில் போட்டுட்டேன். 600 போச்சு, 1950 வரணும்.

ஜூன் 13, சனி

நேத்து நியூயார்க்கும் சொல்லிடுச்சு, இந்த சம்மர் ராத்திரி தங்கற கேம்ப் வேண்டாம்னு. ஏப்ரல்ல வாயத் திறக்காம இருந்ததுக்கு பலன். பெரியவ கதவை சாத்திட்டு அழுதா. ட்ரங்க் பெட்டி வாங்கி, ஒவ்வொரு டிரெஸ்லயும் ஒட்ட பேர் லேபிள் எல்லாம் வந்து கிடக்கு, அந்த லேபிளுக்கு யார்கிட்ட ரீஃபண்ட் கேக்க.

கேம்ப்ல இருந்து லெட்டர் நல்லா மனசைத் தொடற மாதிரி எழுதியிருந்தாங்க, ஏரி, கேம்ப்ஃபயர் எல்லாம் வந்துச்சு. கீழ ஒரு ஃபார்ம். முதல் வழி, மொத்தப் பணத்தையும் 2021க்கு மாத்திக்கலாம், ஃபீஸ் ஏறாது. ரெண்டாவது, முழுசாவோ கொஞ்சமோ டொனேஷனா குடுக்கலாம். மூணாவதா, கடைசில, சின்ன எழுத்துல ரீஃபண்ட், டெபாசிட்டும் சேத்து. ஜூன் 30க்குள்ள எதையும் சொல்லலன்னா தானா 2021க்கு போயிடும். பிஸியா இருக்கற அம்மா அப்பா எத்தனை பேர் இதை அப்படியே விட்டுடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் டெபாசிட்ட சேத்து தர்றேன்னது பெரிய விஷயம், குரூப்புல வேற கேம்ப் போட்டவங்களுக்கு அதுகூட இல்ல.

ஜூன் 23, செவ்வாய்

நேத்து ட்ரம்ப் கையெழுத்து போட்ட உத்தரவ படிச்சீங்களா? வெளிய இருந்து புதுசா எச்-1பி வேலை விசால வர்றவங்களுக்கு டிசம்பர் 31 வரைக்கும் தடை. அதே தாள்ல ஜே-1ங்கற பரிமாற்ற விசால கேம்ப் கவுன்சிலரா வர்றவங்களுக்கும் தடை. இங்க சம்மர்ல ஏரில நீச்சல் சொல்லிக்குடுக்கற, கயிறு ஏத்தி விடற பசங்கள்ல நிறைய பேர் இங்கிலாந்து, போலந்துன்னு அந்த விசால வர்றவங்கதான். இப்படி அவங்களும் நாங்களும் ஒரே பட்டியல்ல வருவோம்னு நான் நினைச்சுப் பாத்ததில்ல.

நாங்க உள்ள இருக்கோம், நேரடியா பாதிப்பில்ல. ஆனா இவர் ப்ராஜெக்ட் செப்டம்பரோட முடியுது, வேலை போனா புது வேலை தேடவோ நாட்ட விட்டுக் கிளம்பவோ கையில இருக்கறது 60 நாள். இந்த நிலைமையில 2900 டாலர 2021 ஜூலைக்கு யார் கேம்ப்லயோ போட்டு வைக்கறதா? கிரீன் கார்டு இருக்கற பக்கத்து வீட்டுக்காரங்க கண்ண மூடிட்டு முதல் வழிய டிக் பண்ணிட்டாங்க, அவங்களுக்கு அது சரி. அடுத்த வருஷம் எந்த நாட்டுல இருப்போம்னு தெரியாதவங்களுக்கு கிரெடிட்ங்கறது பணமே இல்ல.

ரீஃபண்ட் போட்டேன், 300 மட்டும் டொனேஷன். இந்த வருஷம் புதுசா வந்த சட்டத்துல, வரிக் கணக்குல கழிவுகள ஒவ்வொண்ணா பட்டியல் போடாதவங்களும் (ஐட்டமைஸ் பண்ணாதவங்க) 300 வரைக்கும் நன்கொடைய வருமானத்துல கழிச்சுக்கலாம். அதுக்காக மட்டும் இல்ல, அந்த மனுஷன் ஜூம்ல கணக்க ஒளிக்காம சொன்னார்ல.

ஜூலை 9, வியாழன்

டே கேம்ப் திங்கக்கிழமை ஆரம்பிச்சாச்சு. எதிர்வீட்டுப் பையன் தினமும் காலையில கொடி மாதிரி மாஸ்க்க ஆட்டிட்டு காருல ஏறறான், சின்னவன் ஜன்னல்ல நின்னு பாக்கறான். 1950 வந்துடுச்சு. எச்ஆரும் சரின்னுட்டாங்க, இந்த மாசத்துல இருந்து எஃப்எஸ்ஏ பிடித்தம் நின்னுடுச்சு.

எங்க வீட்டுல பாட்டி கேம்ப். இங்க காலை ஒன்பது மணின்னா திருச்சியில சாயங்காலம் ஆறரை, அம்மா விளக்கேத்திட்டு ஃபோன் முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க. பல்லாங்குழி சொல்லிக்குடுக்கறாங்க. முட்டை டப்பாவுல பன்னெண்டு குழிதான், மிச்சம் ரெண்டுக்கு கிண்ணம், சோழிக்கு பதிலா ராஜ்மா. அந்தப் பக்கம் அம்மா நிஜ பலகைய வெச்சுக்கிட்டு, இவன் ஆடறத அங்கயும் ஆடி, "டேய் ஒண்ணு குறையுது, கள்ளாட்டம் ஆடாத"ன்னு சத்தம். எனக்கு ஒரு மீட்டிங் நிம்மதியா முடியுது. பெரியவ இன்னும் எதுலயும் சேர மாட்டேங்கறா.

ஆகஸ்ட் 1, சனி

நேத்து அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சிடிசி, ஜார்ஜியா கேம்ப் ஒண்ணப் பத்தி ரிப்போர்ட் போட்டிருக்கு. ஜூன்ல நடந்த ராத்திரி தங்கற கேம்ப், ஜார்ஜியாக்காரங்க மட்டும் 597 பேர், டெஸ்ட் ரிசல்ட் தெரிஞ்சது 344 பேருக்கு, அதுல 260 பேருக்கு பாசிட்டிவ். வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் நெகட்டிவ் ரிசல்ட் காட்டணும்னு வெச்சிருந்தாங்க. ஆனா மாஸ்க் ஸ்டாஃபுக்கு மட்டும்தான், கேபின்ல ஜன்னல் திறந்து வெக்கல, தினமும் பாட்டு, கத்தல். கேம்ப்னா அதுதானே, பாடாம எப்படி. பெரியவகிட்ட படிச்சுக் காட்டினேன். "என் கேம்ப் அப்படி இல்ல"ன்னு போயிட்டா. பாத்ததே இல்லாத கேம்ப்புக்கு என்ன விசுவாசம்!

ஆகஸ்ட் 29, சனி

ஸ்லீப்அவே பணம் 2600 வந்து சேந்துச்சு, ரெண்டு தவணையா. டெபாசிட் பழைய கார்டுல கட்டினது, அந்த கார்டு மாத்தியாச்சுன்னு நாலு மெயில் போட்டு செக்கா வாங்கினேன்.

இந்த வாரம் மெய்ன் ஸ்டேட் பத்தியும் ரிப்போர்ட் வந்திருக்கு. நாலு கேம்ப், 1022 பேர், கேம்ப்புக்கு வந்தப்புறம் மூணே பேருக்குத்தான் பாசிட்டிவ், அவங்க கிட்ட இருந்து யாருக்கும் பரவல. வர்றதுக்கு முன்னாடி வீட்டுல தனிமை, போறதுக்கு முன்னாடியும் போனப்புறமும் டெஸ்ட், சின்னச் சின்ன குரூப், மாஸ்க். அப்ப நடத்த முடியாததுன்னு இல்ல, நடத்தறதுக்கு ஆளும் காசும் வேணும்.

அம்மா டிக்கெட்டுக்கு ஏஜென்ட் ஒரு வழியா ஃபோன் எடுத்து, காசு கிடையாது, அடுத்த டிக்கெட்ல கழிச்சுக்கலாம், கிரெடிட் ஷெல்லுன்னான். தம்பி அவன் கடை வாசல்ல போய் நிக்கறதா சொல்லியிருக்கான்.

செப்டம்பர் 20, ஞாயிறு

டே கேம்ப்ல இருந்து 2021 எர்லி பேர்ட் மெயில். இந்தத் தடவை அக்ரிமென்ட்ல பெருந்தொற்றுக்குன்னு ஒரு பத்தி புதுசா சேத்திருக்காங்க: அரசு உத்தரவால கேம்ப் நடக்கலன்னா டெபாசிட் தவிர மீதி வரும், நடுவுல மூடினா மிச்ச வாரத்துக்கு கிரெடிட் மட்டும். திரும்ப மெயில் போட்டிருக்கேன். டெபாசிட் ஏன் வராது, கிரெடிட் வேண்டாம்னா காசா கிடைக்குமா, டாக்டர் லெட்டர் குடுத்து விலகினா என்ன கணக்குன்னு மூணு கேள்வி. பதில் எழுத்துல வரட்டும், அதுக்கப்புறம் கார்ட எடுக்கறேன். இவர் ப்ராஜெக்ட் டிசம்பர் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க.