நாள்பட்ட வலிக்கு உளச்சிகிச்சையாளரைத் தேடும்போது

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அத்தகைய வலியோடு நெடுங்காலமாக வாழும் என்னைப் போன்றவர்களிடம் உளச்சிகிச்சைக்குச் செல்லுமாறு மருத்துவர் கூறும்போது, நம் வலியே கற்பனை என்கிறாரோ என்று மனம் நோவது இயல்பு. உண்மை அதுவன்று. 1965-இல் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த கோட்பாடு, உடலிலிருந்து வரும் வலிச் செய்திகள் தண்டுவடத்திலேயே கூடவோ குறையவோ செய்கின்றன என்றும், அதில் மூளைக்கும் பங்குண்டு என்றும் விளக்கியது. அதனால்தான் உண்மையான வலிக்கும் உளச்சிகிச்சை உதவக்கூடும்.

சிகிச்சையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, நீண்டகால நோயுள்ளவர்களுடன் அவர் பணியாற்றியிருக்கிறாரா என்பதுதான். மனப்பதற்றத்துக்கு நன்கு சிகிச்சையளிப்பவர்கூட, சோர்வினால் ஒருவர் படுத்திருப்பதைச் சோம்பலாகவோ தவிர்ப்பாகவோ புரிந்துகொள்ளக்கூடும். அந்தத் தவறான புரிதல் மிகவும் காயப்படுத்தும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, வலியோடு போராடாமல் நமக்கு முக்கியமானவற்றைச் செய்து வாழப் பழக்கும் ஏற்பு மற்றும் அர்ப்பணிப்புச் சிகிச்சை ஆகியவற்றில் எதைப் பின்பற்றுகிறார் என்றும் கேட்கலாம். வலி மிகுந்த நாளில் காணொளி வழியாகப் பேச முடியுமா, கடைசி நேரத்தில் வர இயலாவிட்டால் கட்டணம் உண்டா என்பவையும் முக்கியமே.

எனக்கு மிகவும் உதவியது வேலையைப் பகுத்துச் செய்யும் பயிற்சி. பாத்திரம் கழுவும்போது முதுகு வலிக்கத் தொடங்கும் வரை காத்திராமல், அதற்கு முன்பே பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிடுகிறேன். வலி அடியோடு போய்விடும் என்று உறுதியளிப்பவரையும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் தயங்காமல் விட்டு விலகுங்கள்.