மேசை டிராயரில் ஏழு வாரம்

"இது எப்ப சார் வந்துச்சு?" என்று கேட்டேன். அந்த லாயர் தேதி சொல்லவில்லை. "தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னாடிமா" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2024 மார்ச் முதல் வாரத்தில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர் அலுவலகம். பதிவுத் தபாலில் வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து, வந்த மடிப்பிலேயே மடித்து, டிராயரில் ஸ்டேப்ளர் ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். முப்பது வருடமாக ஊரார் வழக்கையெல்லாம் நடத்தியவர். தன் பேருக்கே ஒரு கடிதம் வந்தபோது டிராயரைச் சாத்திவிட்டார்.

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கேஸ் அது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் கதை சுருக்கம்தான். லாயராவதற்கான சி.எல்.பி. தேர்வு, கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் ஒன்பது மாதம் சேம்பரிங் என்ற தொழில் பயிற்சி, அங்கேயே வேலை. அந்த நிறுவனத்துக்குத் தொழில்முறை அலட்சிய வழக்குகள்தான் சோறு போட்டன. டாக்டர், கணக்காய்வாளர், கட்டடக் கலைஞர், சக லாயர் என்று யார் மீது வழக்கு வந்தாலும் காப்புறுதி நிறுவனம் எங்களை நியமிக்கும். கல்யாண வீட்டில் சித்தி ஒருவர், "அப்ப தப்புப் பண்ணவங்களுக்குத்தான் நீ பேசுறியா?" என்று கேட்டார். வாயில் ஜிலேபி இருந்ததால் பதில் சொல்லவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

சரி, கேஸுக்கு வருகிறேன். 2019 நவம்பரில் மோட்டார் சைக்கிளில் போன ஒருவரை லோரி மோதியது. அவர் ஐ.சி.யு.வில் இருக்கும்போதே மனைவி இந்த லாயரிடம் வந்துவிட்டார். காயக் கோரிக்கையாக ஃபைல் திறந்தார்கள். காயத்துக்கு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஆறு வருடம் அவகாசம் உண்டு. கிளார்க் அட்டையில் சிவப்பு மையில் '2025 நவம்பர்' என்று எழுதிவிட்டார். ஒன்பதாம் நாள் கணவர் இறந்துபோனார். குடும்பத்தார் ஆதரவு இழப்புக்குக் கேட்கும் வழக்கு 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு இறந்த நாளிலிருந்து மூன்றே வருடம். மரணச் சான்றிதழின் நகல் ஃபைலில் நான்காவது தாளாக ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தது. அட்டையில் இருந்த தேதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பழைய கிளார்க் ஓய்வு பெற்றார், அப்புறம் 2023 பிப்ரவரியில் நிதானமாக வழக்குப் பதிந்தார்கள். மூன்று மாதம் தாமதம். எதிர்த்தரப்பு ஒரே மனுவில் அதைத் தள்ளுபடி செய்ய வைத்தது.

அந்த அம்மா இப்போது லாயர் மீதே வழக்குப் போடப்போகிறார். டிராயரில் கிடந்த கடிதம் அதைத்தான் சொன்னது.

"நான் நேராப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடட்டுமா?" என்றார் லாயர். கூடாது என்றேன். மலேசியாவில் தொழில் செய்யும் லாயர் எல்லாருக்கும் தொழில் காப்புறுதி கட்டாயம். அந்தப் பத்திரத்தில், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. கோரிக்கை வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. வழக்கு தள்ளுபடியான அன்றே இவர் தெரிவித்திருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று காப்புறுதி நிறுவனம் கேட்டது. பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பயந்துவிட்டார் என்பதைச் சட்ட மொழியில் எப்படி எழுதுவது?

தவறு அட்டையிலேயே சிவப்பாக இருந்ததால், தவறே நடக்கவில்லை என்று வாதாட வழியில்லை. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: நேரத்தோடு பதிந்திருந்தால் அந்த வழக்கு எவ்வளவு தேறியிருக்கும்? இதை வழக்குக்குள் வழக்கு என்பார்கள். நடக்காமலே போன விபத்து வழக்கை இப்போது உட்கார்ந்து நடத்த வேண்டும். அதில் லோரிக்காரர் பக்கம் நிற்க வேண்டியது நான்.

இந்த வேலையில் யாரும் முன்கூட்டியே சொல்லாத பகுதி இதுதான். போலீஸ் வரைபடத்தை, அதாவது ராஜா காசாரை, பெரிதாக்கி மேசையில் ஒட்டி வைத்தேன். பிரேக் தடம் எங்கே தொடங்குகிறது, கண்ணாடித் தூள் எந்தத் தடத்தில் கிடந்தது, சந்திலிருந்து மோட்டார் எவ்வளவு வெளியே வந்திருந்தது என்று மூன்று இரவு அளந்தேன். இறந்தவர் மீதும் பாதித் தவறு என்று காட்ட முடிந்தால் தொகை பாதியாகும். அவருக்கு வயது 38. சட்டத்தின் சூத்திரப்படி 60-இல் வயதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 11 வருடம். மாதம் 1,400 ரிங்கிட் வீட்டுக்குக் கொடுத்தார் என்றால் 1,84,800. அந்த 1,400-ஐயும் நான் விடவில்லை. சம்பளச் சீட்டு எங்கே, ஓவர்டைம் நிரந்தரமா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினேன். மூன்றாம் இரவு வரைபடத்தை மடித்துவிட்டு மாமாக் உணவுக்கடையில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத டீ, குடித்தேன். வாதம் நன்றாகவே வந்திருந்தது. அதுதான் உறுத்தியது.

கேஸ் செஷன்ஸ் நீதிமன்றத்தில். விசாரணைக்கு முன் சமரசத்துக்கு அனுப்பினார்கள். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலேயே 2011 முதல் சமரச மையம் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. வழக்கை விசாரிக்காத வேறொரு நீதிபதி நடுவில் உட்கார்ந்து, இரு தரப்பையும் தனித்தனி அறையில் பார்ப்பார். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. நடுவில் கழிவறையில் அந்த அம்மாவை எதிர்கொண்டேன். அவருக்கு லாயர் இருக்கும்போது நான் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் குழாயைத் திருகிக்கொண்டே, "இதுல தண்ணி வரலையே" என்றார். "அந்தக் கடைசிக் குழாயில வருதுக்கா" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு முடிந்தது. தொகை ரகசியம். வரைபடத்தை வைத்து நான் கேட்ட குறைப்பில் கொஞ்சம் கிடைத்தது, முழுதும் கிடைக்கவில்லை. காப்புறுதிப் பத்திரப்படி தொகையில் முதல் பகுதியை லாயரே கட்ட வேண்டும். அதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை.

கையெழுத்தெல்லாம் ஆன பிறகு என் பக்கம் குனிந்து, "இப்பப் பேசலாமாமா?" என்றார். மார்ச் மாதத்திலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். பேசலாம் என்றேன்.

லிஃப்ட் பக்கம் அந்த அம்மா பைக்குள் எதையோ தேடிக்கொண்டு நின்றிருந்தார். இவர் இரண்டடி தள்ளி நின்று, பேனாவைச் சட்டைப் பையில் செருகி, மறுபடி எடுத்து, மறுபடி செருகினார். எனக்கு மூன்றரைக்கு அடுத்த கேஸ். படியில் இறங்கிவிட்டேன்.