ஒரு குப்பி அல்சூர் தண்ணீர்

ஜூலை 7, 2025, திங்கள்

காலை ஆறரைக்கே பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் போய்விட்டேன். நல்ல தூறல். திருவள்ளுவர் சிலையைத் தாண்டி, சாக்கடை நீர் வந்து சேரும் வாய்க்கால் ஓரமாக இரண்டு குப்பியில் தண்ணீர் எடுத்தேன். தெளிந்த தண்ணீர் எனக்கு உதவாது. குடல் பாக்டீரியா எங்கே நிறைய இருக்கிறதோ, அதைத் தாக்கும் வைரஸும் அங்கேதான் இருக்கும். அந்த வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரேல் என்ற கிருமி ஆய்வாளர் வைத்த பெயர்.

அதற்கு முன்பே, 1896-இல், ஆக்ராவில் வேலை பார்த்த ஹாங்கின் என்ற ஆங்கிலேய கிருமி ஆய்வாளர், கங்கை, யமுனைத் தண்ணீர் காலரா கிருமியைக் கொல்கிறது என்றும், கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் ஃபேஜின் வேலையாக இருந்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குப்பியைப் பையில் வைக்கும்போது அவர் நினைவுதான்.

லேபில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மண்ணை அடியில் இறக்கி, மேல் நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். பாக்டீரியா மேலே தங்கிவிடும், ஃபேஜ் இறங்கிவிடும். வடிந்ததை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா வளரும் திரவத்தில் (கல்ச்சரில்) ஊற்றி, 37 டிகிரியில் ஷேக்கரில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கல்ச்சரை மறுபடி வடித்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து பிளேட் போட்டேன். ஜெல்லி மாதிரி உறையும் அகரை இளக்கி, அதில் பாக்டீரியாவையும் வடிநீரையும் கலந்து, கெட்டி அகரின் மேல் ஊற்ற வேண்டும். விடிவதற்குள் பாக்டீரியா பாய் விரித்தது போல மங்கலாகப் படர்ந்துவிடும். ஃபேஜ் விழுந்த இடத்தில் மட்டும் பாக்டீரியா வெடித்துச் செத்து, கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் தெரியும். பிளாக் என்று சொல்வோம். ஒரு வட்டம் ஒரே ஒரு ஃபேஜிலிருந்து வந்தது. கண்ணுக்கே தெரியாததை விரல் வைத்து எண்ண முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஜூலை 9, புதன்

எல்லா பிளேட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தனை பாக்டீரியாவையும் ஃபேஜ் தின்றுவிட்டது என்று துள்ளினேன். சீனியர் அண்ணன் மட்டும் நிதானமாக, “ஃபேஜ் போடாத பிளேட்டைப் பார்த்தியாம்மா?” என்றார். அதுவும் காலி. இளகிய அகரை ஆறவிடாமல் ஊற்றியிருக்கிறேன். 45 டிகிரிப் பக்கம் இருக்க வேண்டியது, அதைவிட நன்றாகவே சுட்டிருக்கிறது. என் பாக்டீரியாவை நானே வேகவைத்துவிட்டேன்.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வைரஸ், வைரஸ் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதைப் பெற்றுத்தர வேண்டிய பாக்டீரியாவைக் கவனிக்கவில்லை. ஃபேஜுக்குத் தானாக வளரத் தெரியாது. சாப்பிடாது, பெருகாது. நாம் வளர்க்க முடிந்தது பாக்டீரியாவை மட்டும்தான்.

ஜூலை 11, வெள்ளி

வந்துவிட்டது! நேற்று போட்ட பிளேட்டில் வட்டங்கள். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி போட்ட பிளேட்டில் 43. அப்படியென்றால் மூலத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 43 கோடி. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

பெரியம்மாவுக்கு நான் செய்யும் வேலையில் பயம். “வைரஸைத் தொட்ட கையோட அடுப்படிக்கு வராதே கண்ணு” என்றார். கையுறை, சோப்பு எல்லாம் சொல்லியும் ஆறவில்லை. தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் அதை வைத்தே சொன்னேன். பெரிய பால் பண்ணைகளில் சில நாள் தயிர் உறையாமல் போவதற்கு ஒரு காரணம், உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவை ஃபேஜ் தாக்குவது. அந்தத் தயிரைக் குடித்தாலும் ஃபேஜ் நம் உடம்புச் செல்லுக்குள் போகாது. பிடித்துக்கொள்ள அதற்குக் குறிப்பிட்ட கொக்கி வேண்டும், அது அந்தந்த பாக்டீரியாவின் மேல்தோலில்தான் இருக்கிறது.

டி4 என்ற ஃபேஜ் எப்படிச் செய்கிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். கால் மாதிரி இருக்கும் வால்நூல்களால் ஈ. கோலையின் தோலைத் தடவித் தடவி, இடம் சரியென்றால் உட்காரும். வால் உறை சுருங்கும். உள்குழல் தோலைத் துளைக்கும். சுமார் 1,69,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ உள்ளே இறங்கும். ஓடு வெளியிலேயே நின்றுவிடும். பெரியம்மா கேட்டார்: “அப்போ உள்ள போனது வைரஸே இல்லையே?”

இந்த வாரம் என் காதில் விழுந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி. தொற்றிய சில நிமிடங்களில் பாக்டீரியாவை உடைத்துப் பார்த்தால், இன்னொன்றைத் தாக்கக்கூடிய முழு ஃபேஜ் ஒன்றுகூடக் கிடைக்காது. உள்ளே இருப்பது கட்டளை மட்டும். பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவைத் துண்டாக்கி, அந்தத் துண்டையே எடுத்துப் புது ஃபேஜின் டிஎன்ஏவைக் கட்டும். தலை தனியாக, வால் தனியாகத் தயாராகி, பிறகுதான் பொருந்தும்.

ஜூலை 18, வெள்ளி

ஒரே வட்டத்திலிருந்து எடுத்து மறுபடி பிளேட் போடுவதை மூன்று முறை செய்து சுத்தமாக்கியாயிற்று. ஒரு பாக்டீரியாவிலிருந்து எத்தனை நிமிடத்தில் எத்தனை புது ஃபேஜ் வருகிறது என்று பார்க்க, 1939-இல் எல்லிஸ், டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்த சோதனையை இன்று என் ஃபேஜில் செய்தேன். பத்து பாக்டீரியாவுக்கு ஒரு ஃபேஜ் என்ற கணக்கில் சேர்த்து, ஐந்து நிமிடம் ஒட்டவிட்டு, பத்தாயிரம் மடங்கு நீர்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து பிளேட் போட வேண்டும். கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அகரின் சூட்டை ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரில் பார்த்தேன்.

ஜூலை 19, சனி

25-வது நிமிடம் வரை 20, 23, 19 என்று வட்டங்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. 30-இல் ஏறத் தொடங்கி, 40-க்கு மேல் நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் ஒரு பாக்டீரியாவுக்குச் சுமார் 80 ஃபேஜ்.

குப்பியின் மேல் ‘அல்சூர் 1’ என்று எழுதி, 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தேன். திங்கட்கிழமைக்குப் புதுக் கல்ச்சர் போட வேண்டும்.