கன்ஸ்டன் ஹால்: செலவெல்லாம் விருந்தினர் கண் படும் இடத்தில்

வாஷிங்டனுக்குத் தெற்கே சுமார் 20 மைலில், வர்ஜீனியாவின் மேசன் நெக் பகுதியில் போட்டோமாக் ஆற்றை நோக்கி நிற்கிறது கன்ஸ்டன் ஹால். வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தை (1776) எழுதியதில் முதன்மையானவரான ஜார்ஜ் மேசனின் வீடு.

வெளியே நின்று பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஒன்றரை மாடி, நடுவில் வாசல், இருபுறமும் அளவு பிசகாத ஜன்னல்கள். உடனே உள்ளே போய்விடாதீர்கள். சுவரை நெருங்கிப் பாருங்கள்: ஒவ்வொரு வரியிலும் செங்கல்லின் நீளப்பக்கம் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று என மாறி மாறி வரும். இதுதான் ஃபிளெமிஷ் கட்டு. மூலைகளில் மட்டும் மணற்கல்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1755இல், லண்டனிலிருந்து வந்து சேர்ந்தவர் வில்லியம் பக்லேண்ட். வயது 21, 4 ஆண்டு உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த தச்சர். 1759 வரை உள்வேலை முழுவதும் அவர் பொறுப்பு. செதுக்கு வேலை வில்லியம் பெர்னார்ட் சியர்ஸுடையது.

நடுக்கூடத்தில் இரட்டை வளைவு ஒன்று உண்டு. இரண்டும் சேருமிடத்தில் தாங்கும் தூண் இல்லை. மரத்தில் செதுக்கிய பைன் காய் ஒன்று தொங்குகிறது. அண்ணாந்து பார்க்காதவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஒரு பக்கம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணியில் வரவேற்பறை, இன்னொரு பக்கம் சீனப் பாணி அறை. அந்தக் காலத்து அமெரிக்காவில் அபூர்வம் இது. சீனப் பாணி அறையின் கதவு, ஜன்னல்களின் மேல்விளிம்பு அலையலையாக வெட்டப்பட்டிருக்கும்.

இடையில் வந்த உரிமையாளர்கள் காலத்தில் அலங்காரங்கள் பல கழன்றுபோயின. பிற்காலச் சீரமைப்பில் கைகொடுத்தவை ஆணித் துளைகளும் பழைய வண்ணப்பூச்சின் தடங்களும்தான். மரத்துண்டு பொருத்தியிருந்த இடத்தில் பூச்சு ஏறியிருக்காது. அந்த வெற்று வடிவமே காணாமல் போனதன் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊகித்துச் செய்வதைவிட இது எவ்வளவோ நேர்மையான முறை.

மாடி அறைகளில் அலங்காரமே இல்லை. விருந்தினர் வந்து அமரும் இடத்தில்தான் மேசன் பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

கீழே ஒரு பக்கத்தில் ஒடுங்கிய இரண்டாவது படிக்கட்டு இருக்கிறது. அதையும் கட்டாயம் பாருங்கள். எல்லா மனிதரும் இயல்பிலேயே சமமான சுதந்திரம் உடையவர்கள் என்று எழுதியவரின் வீட்டில், அடிமைகள் பிரதான கூடத்தில் கண்ணில் படாமல் வேலைக்கு ஏறி இறங்கிய வழி அது.