சிரட்டையும் மணலும்

எங்கள் முன்பள்ளியில் 3 வயது முதல் 5 வயது வரை 18 பிள்ளைகள். கிளிநொச்சி வெயில் 10 மணிக்குப் பிறகு பெரியவர்களையே விடாது என்பதால், காலையிலேயே எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

நேற்று ஒரு சிரட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மணல் ஊற்றினோம். சிந்தாமல் ஊற்ற மணிக்கட்டு திரும்பவேணும், அந்தக் கைதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது புளியங்கொட்டை பொறுக்குவது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போத்தலுக்குள் போடவேணும். ஒரு சின்னவள் நாக்கை நீட்டிக்கொண்டு 10 வரைக்கும் எண்ணிப் போட்டாள், அதற்கு மேல் எண்ணத் தெரியாமல், "ரீச்சர், இன்னும் ஒண்டு!" என்றாள்.

"ஆனா, ஆவன்னா எழுதப் பழக்கேல்லையோ ரீச்சர்?" என்று சில அம்மாமார் கேட்கிறார்கள். சரி, எழுதலாம், ஆனால் விரல் பலப்படாமல் அவசரப்படுத்தினால் பிள்ளை பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும், பிறகு மாற்றுவது பெரும் பாடு.

குளக்கட்டுப் பக்கம் போகிற நாளில் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்து ரயில் விடுவோம், வேகமாக ஓடுகிறவன் மெதுவாக நடக்கிறவளுக்காகக் காத்திருக்கப் பழகுவது அதில்தான். புறப்பட முன்னம் எல்லாரும் சத்தமாகச் சொல்லவேணும்: தெரியாத இரும்பைத் தொடமாட்டோம், ரீச்சரைக் கூப்பிடுவோம். போர் நடந்த வன்னி மண்ணில் வெடிக்காத குண்டு கிடக்கலாம், அதனால் இதைச் சொல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் வெளியே விடமாட்டேன்.