மரத்த விரலும் கரண்டு டெஸ்டும்

தையல் வேலை செய்கிறவர்களுக்குக் கை மரத்துப்போவது புதிதல்ல. எனக்கு வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் நடுராத்திரியில் சுறுசுறுவென்று எழுப்பிவிடும். கையை உதறினால்தான் மறுபடி தூக்கம். ரத்த ஓட்டம் குறைவு என்றார் மாமியார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று முடிவே கட்டிவிட்டார் பக்கத்து வீட்டு அக்கா.

வேலூரில் நரம்பு டாக்டர் முதலில் கேட்டது, சுண்டுவிரல் மரக்கிறதா என்று. இல்லை. மோதிரவிரல்? பாதி. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். நடுவிரலை ஒட்டிய பக்கம் மந்தம், சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஒரே விரலுக்கு இரண்டு நரம்பாம்: கட்டைவிரல் பக்கமிருந்து மீடியன், சுண்டுவிரல் பக்கமிருந்து அல்னார். கழுத்துக் கோளாறில் மோதிரவிரல் பொதுவாக இப்படிப் பிரியாது என்றார்.

அப்புறம் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். தொழுநோயில் அங்கே அல்னார் நரம்பு தடிக்குமாம். எனக்குத் திக்கென்றது, ஆனால் தடிப்பு இல்லை. அந்த நோயில் விரல்கள் தேய்வது உணர்ச்சி போய், காயம்படுவது தெரியாமல் போவதால்தான் என்று தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பால் பிராண்ட் காட்டியது இதே வேலூரில்தான். இந்தப் பக்கத்து டாக்டர்கள் நரம்பைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள் போல.

சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, லேசான ஷாக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளக்கிற கரண்டு டெஸ்டுக்குப் போனேன். கையில் எண்ணெய், கிரீம் தடவக்கூடாது. வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கை சில்லென்றிருந்தால் நரம்பு மெதுவாகக் கடத்தும், கணக்கு தப்பும் என்று முதலில் சூடுபடுத்தினார்கள்.

"சுர்ருனு இருக்கும்மா, கையை இழுத்துடாதீங்க" என்றார் டெஸ்ட் எடுத்தவர். கட்டைவிரல் அடிச்சதையில் பட்டை ஒட்டி, மணிக்கட்டில் ஒரு ஷாக், முழங்கை மடிப்பில் ஒரு ஷாக். விரல் தானாகத் துள்ளும். வலி என்பதைவிடத் திடுக்கிடல்தான் அதிகம். பிறகு அவர் எடுத்தது என்ன தெரியுமா? இஞ்சு டேப்! இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடுமாம்.

முன்கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடிய சைகை, மணிக்கட்டைக் கடக்கையில் தாமதித்தது. அங்கே எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு நாருக்கும் நடுவே குறுகலான வழி. விரலை மடக்குகிற 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகிறது. அமுக்கம் நீடித்தால் நரம்பிழையைச் சுற்றியுள்ள மையலின் உறை முதலில் கெடும், வேகம் குறையும். உள்ளிழையே போனால் கட்டைவிரல் சதை வற்றிவிடும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் அமுக்கம் கூடும், ராத்திரி தொல்லை அதனால்தான்.

எனக்குச் சதை வற்றவில்லை. இப்போதைக்கு, மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டையை ராத்திரியில் போட்டுக்கொள்கிறேன். அடங்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் அந்த நாரை வெட்டிவிடும் சின்ன ஆபரேஷன் என்றிருக்கிறார் டாக்டர். கத்தரிக்கோல் பிடிக்கிற வேலையை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.